ஓலையின் அழகும் உழைப்பின் விலையும்

(மாதர் சங்கங்களுக்கும் கிராமக் குழுக்களுக்குமான பாடம்)

பாடத்தின் நோக்கம்: பனையோலையிலும் பழந்துணியிலும் அழகிய பாவனைப் பொருட்களைச் செய்யும் முறையை அறிதல், அவற்றுக்குரிய விலையை நாமே கணக்கிடப் பழகுதல், ஓலை தரும் மரத்தைக் காத்தல்.

போன ஓலை திரும்பி வருகிறது

யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வன்னியிலும் இரண்டு தலைமுறைகளுக்கு முன்னர் ஒரு வீட்டில் இருந்த பொருட்களை எண்ணிப் பாருங்கள். பிட்டு அவிக்க நீத்துப்பெட்டி, அரிசி புடைக்கச் சுளகு, மண்ணும் நெல்லும் சுமக்கக் கடகம், மீன் வாங்கி வர உமல், இருக்கத் தடுக்கு, படுக்கப் பாய். ஆச்சியின் மடியில் வெற்றிலையும் சில்லறைக் காசும் வைக்கச் சிறிய கொட்டப்பெட்டி. இத்தனையும் பனையோலையால் ஆனவை. பழுதடைந்தால் அடுப்புக்குப் போயின. அல்லது தோட்டத்து மண்ணுக்கு எருவாயின.

பின்னர் பிளாஸ்டிக் வாளியும் பொலித்தீன் பையும் வந்தன. அவை பாரமற்றவை, மலிவானவை, மழைக்குப் பழுதாகாதவை. மக்கள் அவற்றை விரும்பியதில் வியப்பில்லை. ஆனால் உடைந்த வாளியும் கிழிந்த பையும் மண்ணோடு மண்ணாவதில்லை. அவை வாய்க்காலை அடைக்கின்றன. மாடுகளின் வயிற்றுக்குள் போகின்றன. எரித்தால் நச்சுப் புகையாகின்றன. 2017 ஏப்ரல் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளில், கொழும்புக்கு அண்மையிலுள்ள மீதொட்டமுல்லவில் குப்பைமேடு வீடுகள் மீது சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாண்டு செப்ரெம்பர் முதலாந் திகதியிலிருந்து மெல்லிய பொலித்தீன், சோறு சுற்றும் பொலித்தீன் தாள், ரெஜிபோம் உணவுப் பெட்டி ஆகியவற்றுக்கு அரசாங்கம் தடை விதித்தது.

இப்பொழுது ஓலைக்கு மீண்டும் மதிப்பு வந்துள்ளது. கைப்பை, தொப்பி, மின்விளக்கு மூடி, சுவர் அலங்காரம், பரிசுப்பெட்டி என்று அது நகரத்துக் கடைகளிலும் உல்லாச விடுதிகளிலும் இடம் பிடித்திருக்கிறது. எமது வீட்டிலிருந்து வெளியேறிய ஓலை, நாகரிகப் பொருளாகத் திரும்பி வருகிறது. அந்த நாகரிகத்தின் விலையில் ஓலையை வார்ந்து இழைத்த கைகளுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதே இப்பாடத்தின் கேள்வி.

இரக்கம் ஒருமுறைதான் வாங்கும்

கைப்பணிப் பொருட்களைப் பலர் இரக்கத்தினால் வாங்குகிறார்கள். "பாவம், கணவனை இழந்தவள், ஒன்று வாங்குவோம்" என்று எண்ணுகிறார்கள். போருக்குப் பின்னர் குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பலர் இத்தொழிலில் இருப்பது உண்மையே. ஆயினும் இரக்கத்தினால் வாங்கிய பையின் பிடி ஒரு மாதத்தில் அறுந்துவிட்டால் அடுத்த பையை அவர் வாங்கமாட்டார். பொருள் அழகாகவும் உறுதியாகவும் இருந்தால் அவரே திரும்பி வருவார். அயலவரையும் அழைத்து வருவார். ஆகவே முதலில் நேர்த்தியைப் பார்ப்போம்.

ஓலையைத் தெரிதலும் பதப்படுத்தலும்

1. பெட்டி இழைக்க ஏற்றது முற்றி விரிந்த ஓலையன்று. விரியாத இளஞ் சார்வோலையே. அது மென்மையானது, காய்ந்தபின் வெளிறிய தந்த நிறம் பெறும்.

2. வெட்டிய ஓலையை விரித்து வெயிலில் நன்கு காயவிடுங்கள். மழையிலோ பனியிலோ நனையவிடாதீர்கள். நனைந்த இடத்தில் கறுப்புப் புள்ளி விழும். புள்ளி விழுந்த ஓலை சாயமிட மாத்திரமே உதவும்.

3. ஈர்க்கை நீக்கிச் சத்தகத்தால் வாருங்கள். எல்லா வார்களும் ஒரே அகலமாக இருப்பது மிக முக்கியம். பெட்டியின் அழகு கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒழுங்கற்ற வார்களே. பழக்கம் குறைந்தவர்கள் ஒரு சிறு பலகைத் துண்டில் இரண்டு பிளேட்டுகளை வேண்டிய இடைவெளியில் பதித்து, அதனூடாக ஓலையை இழுத்து வாரலாம்.

4. இழைப்பதற்கு முன்னர் வார்களில் தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். உலர்ந்த ஓலை மடிக்கும்போது வெடிக்கும்.

5. இழைத்து முடித்த பொருளை மீண்டும் நன்கு உலர்த்துங்கள். ஈரத்துடன் பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். மாரியில் அடுப்புக்கு மேலுள்ள பறணில் பெட்டிகளை வைத்த எமது முன்னோரின் வழக்கத்தில் காரணம் இருந்தது.

சாயமிடுதல்

வெறும் ஓலையின் நிறமே அழகானது. பல நிறங்களை ஒரே பையில் குவிப்பதிலும், வெண்ணிற ஓலையில் ஒரு நிறக் கோடு ஓட விடுவது இன்று அதிகம் விரும்பப்படுகிறது. இது செலவையும் குறைக்கும்.

இயற்கைச் சாயங்கள் எமது நாட்டுக்குப் புதியவையல்ல. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத் தீவுகளிலும் சாயவேர் கிண்டி எடுக்கப்பட்டது; படிகாரத்துடன் சேர்த்துத் துணிகளுக்குச் சிவப்பு ஏற்ற அது பயன்பட்டது. இன்று நாம் எளிதில் பெறக்கூடியவை சிலவற்றைப் பார்ப்போம். கடுக்காயை அவித்த நீரில் ஓலையை இட்டு, பின்னர் துருப்பிடித்த ஆணிகளை ஊறவைத்த நீரில் தோய்த்தால் சாம்பல் நிறமும் கருமையும் வரும். மாதுளந்தோலை அவித்துப் படிகாரம் சேர்த்தால் மங்கிய மஞ்சள் வரும். மஞ்சள் கிழங்கின் நிறம் பார்வைக்குக் கவர்ச்சியானது. ஆனால் வெயிலில் விரைவில் மங்கிவிடும். அதை விற்பனைப் பொருளுக்குப் பயன்படுத்தாதீர்கள். எந்தச் சாயத்தையும் முதலில் ஒரு பிடி வாரில் சோதித்துப் பார்த்துவிட்டே பெரும் அளவில் செய்யுங்கள்.

கடையில் வாங்கும் சாயத்தூளைப் பயன்படுத்துவோர் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். தூளைக் கரைக்கும்போது வாயையும் மூக்கையும் துணியால் மூடுங்கள். சாயப் பானையைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். மீதிச் சாயநீரைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல். மேலே ஊற்றுவது இலகுவாகக் கீழே இறங்கிக் குடிநீரைச் சேரும்.

சாயம் பிடித்ததா என்று அறிய ஓர் இலகுவான சோதனை உண்டு. ஈரமான வெள்ளைத் துணியால் ஓலையை அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்த வாரைக் கைப்பைக்கு எடுக்காதீர்கள். ஞாயிறு பூசைக்குப் போகும் ஒருவரின் வெள்ளைச் சேலையில் உங்கள் சாயம் பட்டால், உங்கள் சங்கத்தின் பெயரும் அதோடு கறைபடும்.

பழஞ்சேலையும் சிரட்டையும்

ஓலைப்பையின் உட்புறம் சொரசொரப்பானது. புத்தகமும் பணமும் வைப்பவர்கள் துணி உள்ளீடு விரும்புவார்கள். அதற்குப் புதுத்துணி வேண்டியதில்லை. உடுத்த முடியாத பருத்திச் சேலையில் நைந்த பகுதியை வெட்டி நீக்கி, மிகுதியைக் கொதிநீரில் அவித்து வெயிலில் காயவைத்தால் நல்ல உள்ளீடு கிடைக்கும். சேலைக் கரையை இரட்டையாக மடித்துத் தைத்தால் உறுதியான பிடி. பொத்தானுக்குத் தேங்காய்ச் சிரட்டையை வட்டமாக அறுத்து, சாண்ட் பேப்பரால் தேய்த்து, சிறிது தேங்காயெண்ணெய் பூசினால் போதும். எந்தப் பிளாஸ்டிக் பொத்தானுக்கும் அந்தப் பளபளப்பு வராது.

பழைய வடிவங்களைக் கைவிடவும் வேண்டாம். ஆச்சியின் கொட்டப்பெட்டியைச் சற்றுப் பெரிதாக்கினால் இக்காலப் பெண்கள் விரும்பும் சிறு கைப்பை. சுளகில் கோலம் வரைந்தால் சுவர் அலங்காரம். எவரிடமிருந்தோ வந்த படத்தைப் பார்த்துச் செய்வதிலும், ஊரில் முதியவர்களுக்குத் தெரிந்த பின்னல்களைக் கேட்டு எழுதி வைப்பது அதிக பயன் தரும்.

விலையைக் கணக்கிடுதல்

பெரும்பாலான சகோதரிகள் ஓலை வாங்கிய காசை மாத்திரம் நினைவில் வைத்து விலை சொல்கிறார்கள். தமது நேரத்துக்கு விலை போடுவதில்லை. கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணம் தருகிறோம். உங்கள் ஊர்க் கூலியையும் விலையையும் இட்டு நீங்களே திருத்திக் கொள்ளுங்கள்.

ஒரு கைப்பைக்கு:
ஓலை – 150 ரூபா
சாயம், விறகு – 60 ரூபா
நூல், சிப், உள்ளீடு – 190 ரூபா
போக்குவரத்து, பழுது – 100 ரூபா
சங்க நிதி – 100 ரூபா
உழைப்பு: 7 மணித்தியாலம், மணிக்கு 200 ரூபா வீதம் – 1400 ரூபா
மொத்தம் – 2000 ரூபா

இப்பையை ஒரு வியாபாரி 1200 ரூபாவுக்குக் கேட்கிறார் என்று வைப்போம். ஏனைய செலவுகள் 600 ரூபாவைக் கழித்தால் மிஞ்சுவது 600 ரூபா. அதை 7 மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்கு 86 ரூபாவும் இல்லை. கையில் 1200 ரூபா வரும்போது இலாபம் போலத் தோன்றும். உண்மையில் அவர் தமது கூலியில் பாதிக்கு மேல் கொடுத்துவிட்டார்.

உழைப்பு நேரத்தை எண்ணும்போது இழைத்த நேரத்தை மாத்திரம் எண்ணாதீர்கள். ஓலை வார்ந்த நேரம், சாயம் காய்ச்சிய நேரம், உள்ளீடு தைத்த நேரம் ஆகியவற்றையும் சேருங்கள். சமையலுக்கும் பிள்ளைக்கும் இடையில் செய்த வேலை என்பதற்காக அது வேலையில்லை என்று ஆகாது.

வியாபாரி எல்லாரும் எதிரிகளுமல்லர். கடை வாடகையும் விற்காத பொருளின் நட்டமும் அவருக்கு உண்டு. ஆனால் பேரம் பேசுவதற்கு எமக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் தனியே பேசினால், "அடுத்த வீட்டில் குறைவாகத் தருகிறார்கள்" என்ற ஒரே சொல்லில் அவர் பணிந்துவிடுவார். சங்கமாகக் கூடி ஒரே விலையைத் தீர்மானியுங்கள். பெரிய கட்டளைகளை எழுத்தில் பெற்று, ஒரு பகுதியை முற்பணமாகக் கேளுங்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் பன்புல்லில் பாய் இழைக்கும் சகோதரிகளுக்கும் இக்கணக்குப் பொருந்தும்.

மரத்தை மறவாதீர்கள்

பனைக்கு உச்சியில் ஒரேயொரு குருத்துண்டு; கிளைகள் இல்லை. குருத்தின் அடி சிதைந்தால் மரம் பட்டுவிடும். ஒரே வடலியில் அடுத்தடுத்துச் சார்வு வெட்டினால் அது நலிந்து போகும். ஆகவே வெட்டிய மரத்துக்கு அடையாளமிட்டு, மாறி மாறி வெட்டுங்கள்.

1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் பெருந்தொகையான பனைகள் தறிக்கப்பட்டன. எறிகணையில் தலையிழந்தவையும் பல. பனை காய்க்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் செல்லும். இன்று விதைக்காதவன் நாளை ஓலை கேட்க முடியாது. ஆவணியில் விழும் பழங்களின் விதைகளைச் சேர்த்து, மாரி மழைக்கு முன்னர், மரம் நிற்கவேண்டிய இடத்திலேயே புதையுங்கள். பனையின் முளை ஆழமாக நிலத்துக்குள் இறங்குவதால் பிடுங்கி நடுவது கடினம். 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை, பனைசார் தொழில்களை வளர்ப்பதற்கென்றே ஏற்படுத்தப்பட்டது. ஓலைக் கைப்பணிப் பயிற்சி பற்றி அங்கே விசாரியுங்கள்.

விவிலிய ஒளியில்

விடுதலைப் பயண நூலின் 35ஆம் அதிகாரத்தில், கூடாரப் பணிக்காகப் பெசலேல் என்ற கைவினைஞரைக் கடவுள் தமது ஆவியால் நிரப்பினார் என்று காண்கிறோம். மரத்திலும் நெசவிலும் காட்டும் திறமையும் கடவுளின் கொடை என்பது அதன் பொருள். நூல் நூற்ற பெண்களின் கைகளையும் அதே அதிகாரம் நினைவுகூர்கிறது. இணைச் சட்ட நூலின் 24ஆம் அதிகாரமோ, ஏழைத் தொழிலாளியின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடும்படி கட்டளையிடுகிறது. திறமையைக் கொண்டாடிய அதே இறைவன் கூலியையும் கேட்கிறார்.

இங்கே எமது பங்குகளும் தம்மைச் சோதித்துப் பார்க்க வேண்டும். குருத்தோலை ஞாயிறன்று ஓலையைக் கையில் பிடித்துப் பாடுகிறோம். திருவிழாவிலோ பொலித்தீன் கொடிகளைக் கட்டிவிட்டு மறுநாள் எரிக்கிறோம். பீடத்தில் பிளாஸ்டிக் பூக்களை வைக்கிறோம். விருந்தினருக்குப் பரிசளிக்கச் சங்கத்தில் பெட்டி வாங்கிவிட்டு, "கோயில் வேலைதானே" என்று விலையைக் குறைக்கிறோம். வியாபாரியிடம் நியாயம் கேட்பதற்கு முன்னர் கோயில் தனது கடனை முழுமையாகக் கொடுக்கட்டும்.

கலந்துரையாடுவதற்கு

1. எமது ஊரில் ஓலை இழைக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் இளையவர்கள் எத்தனை பேர்? பிள்ளைகள் ஏன் பழக விரும்புவதில்லை?

2. கடைசியாக விற்ற பொருளுக்கு உங்களுக்குக் கிடைத்த மணிக்கூலி எவ்வளவு? மேலுள்ள முறையில் கணக்கிட்டுப் பாருங்கள்.

3. அடுத்த திருவிழாவில் பொலித்தீனுக்குப் பதிலாக எவற்றைப் பயன்படுத்தலாம்? அவற்றைச் செய்பவர்களுக்கு நியாயமான கூலியை யார் கொடுப்பது?

செயற்பாடு

அடுத்த கூட்டத்துக்கு முன்னர் ஒவ்வொருவரும் ஒரு பொருள் செய்து, அதற்குச் சென்ற நேரத்தையும் செலவையும் ஒரு துண்டில் எழுதி உள்ளே வைத்துக் கொண்டு வாருங்கள். கூட்டத்தில் பொருட்களை மாற்றி மாற்றிப் பாருங்கள். பிடியை இழுத்துப் பாருங்கள். ஈரத்துணியால் தேய்த்துப் பாருங்கள். குறைகளை மனம் நோகாமல் சொல்லுங்கள். அதன்பின் துண்டை எடுத்து விலையைச் சேர்ந்து தீர்மானியுங்கள். சங்கம் தீர்மானித்த அந்த விலையை எல்லோரும் ஒரே குரலில் சொல்லப் பழகுங்கள்.