கண்டி வானத்தைப் பார்த்து மூட்டை கட்டாதீர்கள்

கதிர்காமத்துக்கு நடந்து வருவதாக நேர்ந்திருப்போர் கவனத்துக்கு: இந்த ஆனியில் ஜன்னலைத் திறந்து வெளியே பார்ப்பது உங்களை ஏமாற்றும். கண்டியில் தூறல். கட்டுகஸ்தோட்டைக்குப் போய்வரக்கூடக் குடை வேண்டியிருக்கிறது. ஆனால் தென்மேல் பருவக்காற்று மழையை மலையின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, அந்தப் பக்கம் வெறுங்காற்றாகத்தான் இறங்குகிறது. கிழக்கிலே அதைக் கச்சான் என்பார்கள். உகந்தைக்கு அப்பால் உங்களுக்குக் கிடைப்பது அந்தக் காற்றும் வெயிலும் மணலும்தான். மழைக்கோட்டை வீட்டில் விட்டுவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு தண்ணீர்ப் போத்தலை வையுங்கள்.

செல்வச்சந்நிதியிலிருந்து வந்துகொண்டிருக்கும் அடியார்களோடு நம்மவர்கள் பெரும்பாலும் உகந்தை முருகன் கோயிலில்தான் சேர்வார்கள். குமண காட்டுப் பாதை திருவிழாவையொட்டிச் சில நாட்களுக்கு மட்டுமே திறக்கும். திறக்கும் நாளை ஆண்டுதோறும் அறிவிப்பார்கள். போன வருடத்துத் தேதியை நம்பி லீவு போட வேண்டாம். மஹியங்கனை, அம்பாறை, பொத்துவில், பாணமை என்று பஸ் மாறிப் போக ஒரு முழு நாள் பிடிக்கும்.

மலைநாட்டுக் கால்களுக்கு நடையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஹந்தானையில் ஏறி இறங்கும் கால் வேறு, சமதரையில் நாள் முழுக்க ஒரே சீராக இழுத்துப் போகும் கால் வேறு. சிவனொளிபாதமலைக்குப் பத்துத் தடவை போனவரும் மணலில் இரண்டாம் நாளே குதிகாலைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம். ஆகவே இந்த ஞாயிறே தொடங்குங்கள். விடியற்காலையில் கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு மாத்தளை வரை நடந்து, முத்துமாரியம்மன் கோயிலில் முடியுங்கள். ஏறக்குறைய 26 கிலோமீற்றர். மன்னாரில் இறங்கிக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தே வந்த நம் முன்னோர் மலைநாட்டுக்குள் நுழைந்த வாசல் மாத்தளைதான். காட்டு வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்கள் போக மிஞ்சியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கொண்டுபோகப்போகும் அதே பையை அதே கனத்தோடு சுமந்து, அதே செருப்பைப் போட்டு நடந்து பாருங்கள். புதுச் செருப்பு வாங்கினால் இன்றே வாங்குங்கள். காட்டில் கொப்புளம் வந்தால் திரும்பி வர பஸ் இல்லை.

காட்டுக்குள் நாள் நான்கு மணிக்கே தொடங்கிவிடும். வெயில் ஏறுமுன் தூரத்தைக் கடந்துவிட்டு, பத்து மணிக்கெல்லாம் மரநிழலில் படங்கை விரித்துப் படுத்துவிடுவதே முறை. சமையல், குளிப்பு, தூக்கம் எல்லாம் அப்போதுதான். வெயில் தாழ்ந்ததும் மறுபடி நடை. இருட்டுமுன் கூட்டத்தோடு சேர்ந்துவிட வேண்டும். யானையும் கரடியும் உலாவும் இடம். பின்தங்கும் ‘சாமி’க்காகக் குழுவில் ஒருவர் நின்று வரட்டும்.

தண்ணீர்தான் பெரிய கவலை. கும்புக்கன் ஆற்றுக்கும் மாணிக்க கங்கைக்கும் இடையே கிடைப்பது அரிது. பவுசர் வைப்பார்கள், அதை நம்பிப் போத்தலைக் காலியாக்க வேண்டாம். ஆளுக்கு ஐந்து ஜீவனிப் பைக்கற்றாவது வேண்டும். ஆற்றில் முதலை உண்டு, ஆகவே எல்லோரும் இறங்கும் துறையில் மட்டும் இறங்குங்கள். தேங்காய் ரொட்டி முதல் நாளைக்குத்தான் தாங்கும். மீதி நாட்களுக்குப் பொரிவிளங்காயும் சத்துமாவும் போதும்.

சீனி, பிரஷர் உள்ளவர்கள் கிளினிக் நாளை இப்போதே முன்தள்ளிக் காட்டிவிடுங்கள். மருந்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை உடன் வருபவரின் பையில் போடுங்கள். ஆற்றில் நனைவது எப்போதும் ஒரு பைதான்.