தீப்புண்ணும் முதல் 20 நிமிஷமும்

கிராமங்களில் தீப்புண் உண்டாகும் சந்தர்ப்பங்கள் அநேகம். நெல் அவிக்கும் அண்டா சாய்வதும், அடுப்பங்கரையில் சேலைத் தலைப்பு பற்றிக்கொள்வதும், குழந்தை கொதிக்கும் குழம்பைக் கவிழ்த்துக்கொள்வதும் எவரும் அறிந்தவையே. வெல்லம் காய்ச்சும் கொப்பரையிலிருந்து தெறிக்கும் பாகு கொதிநீரைவிட அதிகச் சூடுள்ளது. தோலில் ஒட்டிக்கொள்வதால் புண்ணும் ஆழமாகும்.

நெருப்பு அணைந்த பின்னும் தோலில் தங்கிய உஷ்ணம் உள்ளே இறங்கிச் சதையைக் கெடுத்துக்கொண்டிருக்கும். அதைத் தணிப்பதே முதல் வேலை.

செய்ய வேண்டியவை:

(1) ஆடையில் தீப்பற்றியவரை ஓடவிடாமல் தரையில் கிடத்தி, கனத்த கம்பளியால் மூடி அணைக்க வேண்டும்.

(2) சுத்தமான குளிர்ந்த ஜலத்தைப் புண்ணின்மேல் 20 நிமிஷம் இடைவிடாது ஊற்ற வேண்டும். 3 மணி நேரத்துக்குள் ஊற்றினாலும் பயனுண்டு. பனிக்கட்டி கூடாது. மற்ற அங்கங்களைப் போர்த்தி, உடல் குளிர்ந்துபோகாமல் காக்க வேண்டும். குழந்தைகளுக்கு இது மிக அவசியம்.

(3) வீக்கம் காணுமுன் வளையல், மோதிரம், மெட்டி முதலியவற்றைக் கழற்ற வேண்டும். புண்ணில் ஒட்டிய துணியைப் பிய்க்கலாகாது, கொப்புளத்தை உடைக்கலாகாது.

(4) துவைத்து உலர்த்திய மெல்லிய துணியால் புண்ணைத் தளர்வாக மூட வேண்டும்.

மை, சாணம், சாம்பல், வெண்ணெய், முட்டையின் வெண்கரு ஆகியவற்றைப் பூசும் வழக்கம் பெருந்தீங்கு தருவது. சாணத்திலும் மண்ணிலும் தநுர்வாயுக் கிருமிகள் உண்டு. மையோ புண்ணின் ஆழத்தை வைத்தியர் அறியவொட்டாமல் மறைத்துவிடும். வைத்தியர்களே 1925-ம் வருஷம் முதல் சில காலம் டானிக் அமிலம் பூசி வந்தனர். அது ஈரலைக் கெடுக்கிறதெனக் கண்டு 1940-களில் கைவிட்டனர். கற்றவர்கள் விட்டொழித்ததுபோலக் குடும்பங்களும் பூச்சை விட்டொழிப்பதில் இழுக்கொன்றுமில்லை.

விரல்கள் உட்பட நோயாளியின் உள்ளங்கை, உடற்பரப்பில் ஏறக்குறைய 100-ல் 1 பங்காகும். அவ்வளவுக்கு மேற்பட்ட புண்ணையும், முகம், கை, கால், மூட்டு, மறைவிடம் ஆகியவற்றில் பட்டதையும், மின்சாரத்தாலோ திராவகத்தாலோ நேர்ந்ததையும் தாமதமின்றி ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். குழந்தைகளின் புண் எதுவாயினும், புகையைச் சுவாசித்தவர் எவராயினும் அப்படியே. தமிழ்நாட்டில் 108 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தால் வண்டி இலவசமாக வரும். தநுர்வாயுத் தடுப்பூசியையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீடு திரும்பிய பின்னரும் கவனம் வேண்டும். ஆழமான புண் ஆறுகையில் தோல் சுருங்கும். வலிக்கு அஞ்சி விரல்களை மடக்கியே வைத்திருந்தால், அவை மடங்கியபடியே நின்றுவிடும். அரிவாள் பிடிக்கும் கை அவ்வாறானால் குடும்பத்தின் வருவாயே குன்றும். அதன்பின் கடனும் தவணையும் என்னாகும் என்பதைச் சங்கத்தார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஆகையால் வைத்தியர் காட்டியபடி விரல்களைத் தினமும் நீட்டி அசைத்தல் வேண்டும். பத்தியமென்று பட்டினி போடாமல் பருப்பு, பால், முட்டை, மீன் முதலியவற்றைத் தாராளமாகக் கொடுக்க வேண்டும். புதுத்தோல் வளர்வதற்கு அவையே ஆதாரம்.

அங்கத்தினர்கள் இப்பாடத்தை அடுத்த கூட்டத்தில் உரக்க வாசிப்பதோடு நில்லாமல், வீட்டுப் பெண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்வார்களாக. அடுப்பங்கரைக்கு அருகே ஒரு குடம் நல்ல ஜலம் எப்பொழுதும் நிறைந்திருக்கட்டும்.