கைக்கு வராமல் போகட்டும்

தேவரா, கொச்சி.

சிரஞ்சீவி தம்பிக்கு,

எழுபத்து மூன்று வயது நிறைந்துவிட்டபடியால், ஐ.ஆர்.ஏ. என்னும் உன் அமெரிக்க ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகையை, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், எடுத்தே தீரவேண்டும் என்றும், அதற்கு வரி கட்டியபின் ஒரு பங்கைத் தர்மத்துக்குக் கொடுக்க உத்தேசம் என்றும் எழுதியிருந்தாய். உத்தேசம் உத்தமமானது, வரிசைதான் பிசகு. பணம் உன் கைக்கு வராமல், கணக்கை நிர்வகிக்கும் நிறுவனமே தர்ம ஸ்தாபனத்தின் பெயருக்கு நேரே அனுப்பும்படி ஏற்பாடு செய்தாயானால், அத்தொகை உன் கட்டாயத் தொகையில் கழிவதோடு வரிக்குரிய வருமானத்திலும் சேராது. 2006-ஆம் ஆண்டில் தற்காலிகமாகப் புகுந்து 2015-இல் நிரந்தரமான இந்தச் சலுகை எழுபதரை வயது கடந்தவர்களுக்கு உரியது. 2025-க்கு அதன் உச்சவரம்பு 1,08,000 டாலர்.

கையில் வாங்கிக் கொடுத்தால் என்ன நஷ்டம் என்பாய். வீட்டுக் கடன் தீர்ந்து, செலவுகளை இனவாரியாகக் காட்டாமல் பொதுக் கழிவோடு நின்றுவிடும் உன் போன்றவனுக்குத் தர்மத்தால் பெரிய வரிக்குறைவு கிடையாது. ஆனால் வருமானம் ஏறியது ஏறியதுதான் என்பதால், சோஷியல் செக்யூரிட்டிப் பணத்தில் வரிக்குட்படும் பங்கும், ஈராண்டு கழித்து மெடிகேர் மருத்துவக் காப்பீட்டுச் சந்தாவும் அதையொட்டி உயரக்கூடும். இங்கே என் ஓய்வூதியத்துக்கு இப்படியொரு வாசல் இல்லை. பழைய வரிமுறையைத் தேர்ந்தால்தான் நன்கொடைக்குக் கழிவு, அதிலும் பல ஸ்தாபனங்களுக்குக் கொடுத்ததில் பாதிக்குத்தான்.

நீ ஆசைப்படுகிறபடி இங்குள்ள மட்டாஞ்சேரிக் கோவிலுக்கு இவ்வழியில் அனுப்ப இயலாது; பெறுகிறவர் அமெரிக்க வரிச்சட்டம் அங்கீகரித்த ஸ்தாபனமாக இருக்கவேண்டும். கோவிலுக்கு வேறு பணத்திலிருந்து அனுப்பு. அமெரிக்காவிலேயே தமிழுக்குச் செய்ய இடமில்லாமலா போயிற்று? ஜானகிராமன், சம்பந்தம் என்னும் இரு மருத்துவர்கள் ஆளுக்கு ஐந்து லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கிவைத்த ஹார்வர்டு தமிழ் இருக்கை நிதி, தமிழக அரசின் பத்துக் கோடி ரூபாயும் சேர்ந்து, 2018-இல் அறுபது லட்சம் டாலரை எட்டியது. பெரிய நிதி திரண்டபின் சிறிய நூலகங்களையும் தமிழ் வகுப்புகளையும் மறந்துவிடுவது நம்மவர் வழக்கம். என் அபிப்பிராயத்தில் உன் பணத்துக்கு அவையே தகுந்த இடம், பதிவுபெற்றவையா என்று மட்டும் விசாரித்துக்கொள்.

ஜனவரியிலேயே முடித்துவிடு, ஆண்டில் முதலில் வெளியேறும் பணமே கட்டாயத் தொகையாகக் கணக்கிடப்படும் ஆகையால், உனக்கென்று எடுத்தபின் அனுப்பினால் அந்த வரி போனதுதான். கொடையாளர் விருந்துக்குச் சீட்டு தந்தால் வாங்காதே. பிரதிபலன் சிறிதாயினும் சலுகை கெடும். ரசீதைப் பத்திரப்படுத்தி, வரிக் கணக்கு எழுதுகிறவரிடம் விஷயத்தை முன்கூட்டியே சொல்.

இனி, உனக்குப் பின். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிள்ளைகள் இக்கணக்கைப் பெரும்பாலும் பத்தாண்டுக்குள் காலிசெய்து வரி கட்டவேண்டியிருக்கும். தர்ம ஸ்தாபனத்துக்கோ அந்த வரி இல்லை. ஆகவே வீட்டையும் பங்குகளையும் பிள்ளைகளுக்கு வைத்து, தர்மத்துக்கென்று நினைப்பதை இக்கணக்கிலிருந்தே போகச்செய். உயிலில் எழுதினால் போதாது, கணக்கு நிறுவனத்தின் வாரிசுப் படிவத்திலேயே எழுதவேண்டும். கையெழுத்திடுமுன் உன் மனைவியையும் கலந்துகொள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்.