புது பிசியோதெரபிஸ்ட்: தனியாக விடலாமா?

கேள்வி: பிசியோதெரபி மையம் நடத்துகிறேன். அண்மையில் பி.பி.டி. முடித்த இருவரை வேலைக்கு எடுத்திருக்கிறேன். நேர்காணலில் கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொன்னார்கள். மதிப்பெண்ணும் குறைவில்லை. ஆனாலும் நோயாளியைத் தனியாகப் பார்க்க விடத் தயக்கமாக இருக்கிறது. எதை வைத்து முடிவு செய்வது?
- வாசகி, நாமக்கல்

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் 1990-இல் மருத்துவத் திறனை நான்கடுக்குப் பிரமிடாக வரைந்தார். அடியில் ‘தெரியும்’, அதன்மேல் ‘எப்படி என்று தெரியும்’, பிறகு ‘செய்து காட்டுவார்’, உச்சியில் ‘அன்றாடம் செய்கிறார்’. எழுத்துத் தேர்வும் நேர்காணலும் கீழிரண்டு அடுக்கோடு நின்றுவிடும். செய்முறைத் தேர்வு மூன்றாவதைத் தொடும். உச்சியைப் பார்க்க உங்கள் மையத்தை விட்டால் வேறு இடமில்லை.

ஆகவே பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு முறைக்குப் பதினைந்து, இருபது நிமிடம் போதும். ஆனால் பல முறை, பலவித நோயாளிகளோடு பார்க்க வேண்டும். முட்டி வலியில் கெட்டிக்காரராக இருப்பவர் பக்கவாத நோயாளியிடம் தடுமாறலாம்.

எதைப் பார்ப்பது? ஷுகர் உள்ள பெரியவர் ஒருவர் முட்டி வலி என்று வருகிறார். ஹாட் பேக் வைக்க வேண்டும். ‘சூடு தாங்குதாய்யா?’ என்று மட்டும் கேட்டால் அவர் தாங்குது என்றுதான் சொல்வார். உணர்ச்சி மங்கிய தோலுக்குச் சூடு எப்படித் தெரியும்? நல்ல பிசியோ முதலில் வெந்நீரும் குளிர்ந்த நீரும் நிரப்பிய இரண்டு கண்ணாடிக் குழாய்களைத் தோலில் மாற்றி மாற்றி வைத்து, எது சூடு, எது குளிர்ச்சி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்வார். பேக் வைத்த ஐந்தாவது நிமிடம் துண்டை விலக்கித் தோலின் நிறத்தைப் பார்ப்பார். யாரும் கேட்காமலே இதைச் செய்கிறாரா என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது.

எதைச் செய்யாமல் நிறுத்துகிறார் என்பதற்கும் மதிப்பெண் உண்டு; என்னைக் கேட்டால் அதற்குத்தான் அதிகம். முட்டி மாற்று அறுவை முடிந்தவர் கெண்டைக்கால் வலிக்கிறது, தேய்த்துவிடுங்கள் என்கிறார். கால் வீங்கிச் சூடாகவும் இருக்கிறது. ரத்தம் உறைந்திருக்குமோ என்று சந்தேகித்து, கையை எடுத்துவிட்டு சர்ஜனுக்குப் போன் செய்பவரை நம்பலாம். முதுகு வலிக்காரரிடம் சிறுநீர் போவதில் சிரமமா, தொடையிடுக்கில் மரத்திருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேட்பவரும் அப்படித்தான்.

நோயாளி போன பிறகு கேளுங்கள்: “ஏன் இந்தப் பயிற்சி? அடுத்த வாரம் எது மாறியிருந்தால் பலன் என்பீர்கள்?” கேஸ் ஷீட்டையும் புரட்டுங்கள். ‘வலி பரவாயில்லை’ என்று எழுதுபவருக்கும் ‘முட்டி 70 டிகிரி மடங்கியது, இன்று 85’ என்று எழுதுபவருக்கும் உள்ள வித்தியாசம் சான்றிதழில் தெரியாது.

மையம் நடத்துபவர்கள் ஒன்றில் சறுக்குவதுண்டு: புதியவரைத் தங்கள் அனுபவத்தோடு ஒப்பிடுவது. ஆஸ்திரேலியாவில் பிசியோதெரபி மாணவர்களை மதிப்பிடும் ஏ.பி.பி. படிவத்தில் 20 அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். அதில் 2 வாங்கினாலே தொழிலுக்குப் புதிதாக வருபவருக்குத் தேவையான தரம் இருப்பதாகப் பொருள். உங்கள் அளவுகோலும் அப்படியே இருக்கட்டும். இன்னொன்று, சிரித்துப் பேசுபவருக்கு நம்மையறியாமல் மதிப்பெண் கூடிவிடும். முடிந்தால் இன்னொரு சீனியரையும் தனியாகப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். குறைகளை மாதக் கடைசிக்குச் சேர்த்து வைக்காமல் அன்றன்றே சொல்லிவிடுங்கள்.

‘விடலாமா, கூடாதா’ என்று ஒரேயடியாக முடிவெடுக்கத் தேவையில்லை. இன்டர்ன்ஷிப்பில் எந்தெந்தப் பிரிவில் இருந்தார்கள் என்று கேளுங்கள். நரம்பியல் பிரிவை எட்டிப் பார்க்காதவர் பக்கவாத நோயாளியைக் கொஞ்ச காலம் உங்களோடு சேர்ந்தே பார்க்கட்டும். முட்டி, கழுத்து வலியைத் தனியாகப் பார்க்கட்டும். வீட்டுக்குப் போய்ச் சிகிச்சை தரும் வேலையை மட்டும் கடைசியாகக் கொடுங்கள். அங்கே சந்தேகம் வந்தால் கூப்பிட்ட குரலுக்கு நீங்கள் இருக்க மாட்டீர்கள்.