வீட்டுத் தோட்டத்தில் ஆம்ரபாலி

தில்லி வீட்டில் மாமரத்துக்கு இடம் ஏது என்று கேட்கும் அன்பர்களுக்கு நான் சொல்வது ஆம்ரபாலி. வடக்கின் தஷேரியையும் நம் நீலத்தையும் இணைத்து, இங்குள்ள பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையம் தந்த குட்டை ரகம். மரத்துக்கு மரம் இரண்டரை மீட்டர் போதும்.

ஜூலை மழையில், மூன்றடிக் குழியில் மண்ணோடு மக்கிய தொழு உரம் கலந்து நடுங்கள். ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். அதற்குக் கீழே துளிர்ப்பதை உடனே கிள்ளுங்கள். விட்டால் வளர்வது ஆம்ரபாலி அல்ல, கொட்டையில் முளைத்த அடிக்கன்றுதான். முட்டுக்கோல் நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். ஜனவரிப் பனிக்கு வைக்கோல் மறைப்பு வையுங்கள். காலை வெயிலுக்குத் தென்கிழக்கு திறந்திருக்கட்டும்.

அடுத்த ஆண்டே பூக்கலாம். மனம் கேட்காது; ஆனாலும் முதல் மூன்றாண்டுப் பூவைக் கிள்ளிவிடுங்கள். அந்தச் சத்து வேருக்கும் கிளைக்கும் சேரும். அப்படி வளர்த்த என் மரம், நான்காம் கோடையில் கிளை ஒடியாமல் காய் தாங்கியது.