ஒரு படி, ஒரு பாட்டு

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

"ஆபீஸ் முடிஞ்சு வரவே ராத்திரி பத்தாயிடுது, திருப்புகழ் வாயில நுழையல, நான் எப்படி பக்தி பண்றது?" எங்க தருமபுரி குமாரசாமிப்பேட்டை கோயிலுக்கு வர்ற தம்பிங்க அடிக்கடி கேக்குற கேள்வி இது. வள்ளிமலை சுவாமிகள் வாழ்க்கையிலேயே இதுக்குப் பதில் இருக்கு நண்பர்களே.

சுவாமிகளின் இயற்பெயர் அர்த்தநாரி. மைசூர் அரண்மனையில் சமையல் வேலை. தீராத வயிற்றுவலியோடு, முருகனே கதின்னு 1908-ல் பழனிக்கு வந்தார். அங்கே ஒரு நாட்டியப் பெண் பாடிய திருப்புகழைக் கேட்டு உருகிப்போனார். பெரிய படிப்பு கிடையாது. வயசோ நாற்பதை நெருங்கிடுச்சு. இருந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார். அந்த மனுஷர்தான் பின்னால் ஊர் ஊராகத் திருப்புகழைப் பரப்பினார்.

ஆங்கிலப் புத்தாண்டுக்கு வெள்ளைக்கார துரைகளைப் பார்த்து வாழ்த்துச் சொல்றது அந்தக் கால வழக்கம். துரைக்கெல்லாம் துரையான தணிகை முருகனை முதல்ல பார்க்கணும்னு சுவாமிகள் நினைச்சார். 1917 டிசம்பர் 31 இரவு திருத்தணியில் படித் திருவிழா தொடங்கியது. வருஷத்துக்கு 365 நாள், மலைக்கு 365 படி. ஒவ்வொரு படிக்கும் பூஜை, ஒரு திருப்புகழ். இன்னிக்கும் அந்த இரவில் மலை நிறைய கூட்டம்.

இதில் நமக்கான பாடம் என்ன? கீழே நின்னு 365 படியையும் ஒண்ணாப் பார்த்தா மலைப்பா இருக்கும். இந்தப் படிக்கு இந்தப் பாட்டு. அது முடிஞ்சதும் அடுத்த படி. நம்பிக்கைன்னா இதுதான். உச்சி தெரியாட்டியும், நிற்கிற படியில் செய்ய வேண்டியதைச் செய்றது. மீதியை அவன் பார்த்துப்பான்.

பாடினா உடனே கேட்டது கிடைக்கும்னு சொல்ல வரல. நான் நாலு மாசம் வேலை இல்லாம வீட்ல இருந்தேன். தினமும் காலைல விளக்கேத்தி ஒரு பாட்டு, அவ்வளவுதான். மூணு இன்டர்வியூ போச்சு. நாலாவதுலதான் வேலை கிடைச்சது. ஆனா அந்த நாலு மாசமும் அம்மா முகத்தைப் பார்த்துச் சிரிக்க முடிஞ்சுதே, அது அவன் கொடுத்ததுதான்.

நாளைக்கே ஆரம்பிங்க. 'ஏறுமயில்' சின்னப் பாட்டு, ஆறு முகத்தையும் வரிசையாச் சொல்லும். முதல் நாள் ஒரு வரி போதும். தப்பா வந்தாலும் பரவாயில்ல, திரும்பச் சொல்லுங்க. மறுநாள் அடுத்த வரி.

முருகா சரணம்!