விதைப்பந்தும் காட்டுப்பூக்களும்

விதைக்கச் சென்ற ஒருவனைப் பற்றிய உவமை மத்தேயு சுவிசேஷத்தின் 13-ஆம் அதிகாரத்தில் உள்ளது. நம் கல்லூரியில் அதனைக் கேளாதார் இலர். வழியருகே வீழ்ந்த விதையைப் பறவைகள் உண்டன; பாறை நிலத்தில் வீழ்ந்தது வெயிலில் தீய்ந்தது; முட்களிடையே வீழ்ந்தது நெருக்குண்டது; நன்னிலத்தில் வீழ்ந்ததே பலன் தந்தது. அதன் ஆன்ம விளக்கத்தைப் பெரியோர்க்கு விட்டு, விதைக்கு நேரும் அம்மூன்று இடர்களையும் புதுவை மண்ணில் வைத்து ஆராயப் புகுகின்றோம். இக்காலத்து மாணவர் ஆர்வத்துடன் உருட்டி எறியும் விதைப்பந்து அவற்றுள் எதனைத் தீர்க்கும், எதனைத் தீர்க்காது என்பதே வினா.

விதைப்பந்தாவது களிமண்ணையும் மட்கிய எருவையும் விதையையும் நீர் தெளித்துப் பிசைந்து, உருட்டி உலர்த்திய சிறு உருண்டை. ஜப்பான் தேசத்து உழவராகிய மசனோபு புக்குவோக்கா (1913–2008) உழாத நிலத்தில் தானியம் விதைக்க இம்முறையைக் கையாண்டார்; 1975-இல் வெளிவந்த தம் நூலால் பலரறியச் செய்தார்; 1988-இல் மகசேசே விருதும் பெற்றார். களிமண் உறை பறவைக்கும் எலிக்கும் விதையை மறைக்கின்றது. ஆகவே முதல் இடருக்கு இது நல்ல காப்பேயாம்.

இரண்டாம் இடராகிய வறட்சிக்குப் பந்து மட்டும் போதாது, பருவமும் வேண்டும். புதுவைக்குப் பெருமழை தருவது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வலுக்கும் வடகீழ்ப் பருவக்காற்று. கோடையில் எறிந்த பந்து ஒருநாள் மழையில் கரைந்து முளைவிட்டு, மறுவாரத்து வெயிலில் மாளும். புரட்டாசிக் கடைசியே தக்க காலம். நிலத்தில் நீர் நிற்றலும் வேண்டும். நகருக்கு வடக்கே, 1968-இல் நிறுவப்பெற்ற ஆரோவில் அமைந்த செம்மண் மேடு, மழைநீர் அரித்த ஓடைகளால் பிளவுண்டு கிடந்தது. அங்குக் குடியேறினோர் வரப்புகளிட்டு நீரைத் தடுத்து, மரக்கன்றுகளை நட்டுக் காவல் செய்தனர். இன்று அங்குள்ள காடு அவ்வுழைப்பின் பயன்.

மூன்றாம் இடருக்கோ பந்தில் மருந்தே இல்லை. அடர்ந்த புல்லிலும் சீமைக்கருவேலின் நிழலிலும் எறிந்த விதை முளைப்பினும் பிழைத்தல் அரிது. அத்தகைய இடத்தை முதலில் ஓரளவு திருத்தல் வேண்டும். அன்றியும், முள்ளை நாமே விதையாதிருத்தல் வேண்டும். அமெரிக்காவிலிருந்து பூச்செடியாக வந்த உண்ணிச்செடி இன்று இந்தியக் காடுகள் பலவற்றை மூடிவிட்டது. பிரெஞ்சு ஆட்சியில் 1826-இல் தொடங்கிய புதுவைத் தாவரத் தோட்டத்தில் பிறநாட்டுச் செடிகள் பல வளர்க்கப்பெற்றன. தோட்டத்துள் பேணப்படும் அயற்செடி வேறு. காவலற்ற வெளியில் எறியப்படும் அயல்விதை வேறு. ஆதலின் பந்துக்குள் வைப்பது இம்மண்ணின் விதையாகவே இருத்தல் நன்று.

ஆவாரை, கொழுஞ்சி, துத்தி, தும்பை ஆகியன நம் வெளிநிலங்களுக்கு ஏற்றவை. ஆவாரை இலையை உண்டு வளரும் புழுக்கள் பட்டாம்பூச்சிகளாகின்றன. கொழுஞ்சி தன் வேர்முடிச்சுகளால் மண்ணுக்கு உரமூட்டுகின்றது. முற்றி உலர்ந்த காய்களிற் சிலவற்றை மட்டும் பறித்து, எஞ்சியவற்றைச் செடிக்கே விடுக. ஆவாரை, கொழுஞ்சி விதைகளின் தோல் கடினமானது. அவற்றிற் பாதியைப் பருமணலுடன் தேய்த்துச் சேர்க்கலாம். தேய்த்தவை முந்தி முளைக்கும். தேயாதவை பின்வரும் மழைக்குக் காத்திருக்கும். ஊறவைத்தல் ஆகாது, ஊறிய விதை பந்து உலர்கையில் மடியும். களிமண் ஐந்து பங்கு, எரு ஒரு பங்கு, விதை ஒரு பங்கு என்பது வழக்கிலுள்ள ஓர் அளவு. சுண்டைக்காய் அளவாய் உருட்டி, காற்றோடும் நிழலில் விரைந்து உலர்த்துக. தும்பை விதை மிகச் சிறிது. ஆழத்திலிருந்து மேலெழ வலியற்றது. ஆதலின் அதனைப் பந்தின் மேற்புறத்தில் ஒற்றி வைத்தல் தகும்.

எறியுமுன் பத்துப் பந்துகளை ஒரு தட்டில் வைத்து, நாடோறும் நீர் தெளித்து, முளைத்தவற்றை எண்ணுக. ஒன்றும் முளையாவிடின் ஆயிரம் எறிந்தும் பயனில்லை. எறிந்த இடத்தையும் குறித்துவைத்து, தை மாதத்தில் மீண்டும் சென்று காண்க. எறிந்தோம் என்னும் மகிழ்ச்சியோடு வீடு திரும்புவோர் பலர். திரும்பச் சென்று எண்ணுவோர் சிலரே. அச்சிலருள் நம் மாணவர் இருத்தல் வேண்டுமென விழைகின்றோம்.